நெஞ்சைத் தொடாத குத்து

சூசைரட்ணத்துக்குச் சந்தேகம் தட்டியது குத்துச்சண்டை பழகப் போன ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை. அழகன் விழுந்த விதம் சரியில்லை.

அழகன் தேயிலைக் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிறவன். ஒரு கையால் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பலகைமேல் ஏறிப் போவான். அப்படிப்பட்டவன் சூசைரட்ணத்தின் ஒரே குத்துக்குப் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சூசைரட்ணமும் சிரித்தான். ஆனால் அவன் ஒன்றைக் கவனித்திருந்தான். குத்து படுவதற்கு முன்பே அழகனின் இடது கை, தரை எங்கே இருக்கிறது என்று தேடிப் பின்னால் போயிருந்தது.

அது ஐம்பத்து நாலாம் வருஷம். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய அரிசி ஸ்டோர் இருந்தது. ஞாயிறு மத்தியானங்களில் இக்னேசியஸ் அங்கே பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குத்துச்சண்டை பழக்கினான். வாரம் முழுக்க பஸ்களுக்கு அடியில் படுத்துக் கிடக்கிற மெக்கானிக் அவன். யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தபோது குத்துச்சண்டை கற்றவன். கூரையிலிருந்து மரத்தூள் அடைத்த ஒரு சாக்குத் தொங்கும். இரண்டு சோடிக் கையுறைகள். மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு. அவ்வளவுதான் சாமான்.

சூசைரட்ணத்துக்கு முப்பத்தொரு வயது. இக்னேசியஸைவிட இரண்டு வயது மூத்தவன். ஹட்டனிலிருந்து மூன்று மைல் தள்ளிய தோட்டமொன்றின் பெக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற வேலை. மலையில் வேலை செய்யத் தேகம் இடம் கொடுக்காததால் கிடைத்த வேலை அது. ஆறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு. மழை இறங்கினால், பனி விழுந்தால், லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டில் மிளகாய் வறுத்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா கொடுக்கிற சின்ன வெள்ளை மாத்திரை சட்டைப்பையில் எப்போதும் இருக்கும்.

இழுப்பைவிட அவனுக்கு வெறுப்பாக இருந்தது மற்றவர்களின் தயவு. சின்ன வயதில் லயத்துப் பிள்ளைகளோடு சடுகுடு ஆடி ஒருநாள் நான்கு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோதுதான், அண்ணன் முன்கூட்டியே எல்லோரிடமும் "அவனப் புடிக்காதீங்கடா, மூச்சு நின்னுரும்" என்று சொல்லி வைத்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து, யாராவது தன்னிடம் தோற்றால் அவனுக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

ஹட்டன் கானிவலில் ஒரு குத்துச்சண்டைக் காட்சி பார்த்தான். தன்னைவிட ஒல்லியான ஒருவன், மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுக, தடியன் ஒருவனுக்கு முன்னால் கடைசி வரை நின்றான். யாரும் அவன்மேல் இரக்கப்படவில்லை. சூசைரட்ணத்துக்கு அது பிடித்திருந்தது.

பழக வந்த முதல் நாள் இக்னேசியஸ் கேட்டான். "ஒடம்புக்கு ஏதும் இருக்கா, அண்ணே?"

"ஒன்னுமில்ல."

"இருமுறீங்களே?"

"அது தேயிலைத் தூசி."

இக்னேசியஸ் அதற்குமேல் கேட்கவில்லை. சூசைரட்ணம் வரும் வழியில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வந்திருந்தான். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே செய்தான்.

அழகன் விழுந்த அன்றைக்குப் பிறகு அவன் சோதித்துப் பார்க்கத் தொடங்கினான். அடுத்த வாரம், வேண்டுமென்றே இரண்டு கைகளையும் முகத்தோடு உயர்த்தி, நெஞ்சையும் விலாவையும் திறந்து போட்டுக்கொண்டு நின்றான். எதிரே நின்றவன் தோளில் குத்தினான், முன்கையில் குத்தினான், நெற்றியில்கூடத் தட்டினான். நெஞ்சுப் பக்கம் மட்டும் வரவேயில்லை. அதற்கடுத்த வாரம் தண்டவாள மணி அடிக்கும் வரை எண்ணினான். மற்றவர்களுக்கு ஒரு சுற்று நூற்றெண்பது எண்ணும் வரை ஓடியது. தனக்கு நூற்றுப் பத்திலேயே இக்னேசியஸ் மணியை அடித்துவிட்டான். இன்னொரு தடவை தொண்ணூறிலேயே அடித்தான்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் இப்போது சந்தேகம் இல்லை. யார் என்பதுதான் கேள்வி.

டிஸ்பென்சர் ஐயா ஹட்டனுக்கு வருகிறவரல்ல. அழகன் வேறு தோட்டத்துக்காரன்; அவனுக்கு எதுவும் தெரியாது. மிச்சம் இருந்தது ஐவி, அவனுடைய மனைவி. அவளிடம் குத்துச்சண்டை பழகப் போவதாகச் சொன்ன நாளை நினைத்துப் பார்த்தான். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னான். அவளோ அரிசி புடைத்த சுளகை நிறுத்தி, ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு, "போங்களேன்" என்றாள். அப்போது அது நிம்மதியாக இருந்தது. இப்போது அந்தச் சுலபமான சம்மதம்தான் உறுத்தியது. பின்னால் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்ற தைரியம் இல்லாமலா அப்படிச் சொல்லியிருப்பாள்?

அந்த வாரமே அதற்குச் சாட்சியும் கிடைத்தது. பூசை முடிந்து மாதா கோவிலைவிட்டு வெளியே வந்தபோது, படிக்கட்டின் ஓரத்தில் ஐவி நின்று றோசலினோடு பேசிக்கொண்டிருந்தாள். றோசலின் இக்னேசியஸின் மனைவி, பள்ளிக்கூடத்து டீச்சர். ஐவியின் முகம் கலங்கியிருந்தது. அவனைக் கண்டதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஐவி எதையோ சேலைத் தலைப்பில் சுருட்டி மறைத்தாள்.

"என்னா பேசுனீங்க?"

"ஒன்னுமில்லீங்க. சும்மா."

அன்று அவன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். சோறு போட்டால் சாப்பிட்டான். அவள் உள்ளே வந்தால் எழுந்து வெளியே போனான். "என்னாங்க, என்ன கோவம்?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. கேட்காமல் விட்டதையும் அவன் குற்றமுள்ள நெஞ்சு என்றே எடுத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. அப்போதுதான் கினிகத்தேனையிலிருந்து பியதாச வந்து சேர்ந்தான். பேக்கரிப் போறணையில் பாண் சுடுகிறவன். மாவு பிசைந்து பிசைந்து திரண்ட கைகள். தமிழ் ஒரு சொல் தெரியாது. இவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்று சூசைரட்ணம் கணக்குப் போட்டான். இவனோடு மோதினால் உண்மை தெரிந்துவிடும்.

அவன் கையுறையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இக்னேசியஸ் பியதாசவின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய்க் காதோடு ஏதோ சொன்னான். தணிந்த குரல்தான். ஆனாலும் கடைசிச் சொற்கள் சூசைரட்ணத்தின் காதில் விழுந்தன. "பப்புவட்ட எப்பா."

நெஞ்சில் வேண்டாம். பெக்டரியில் சிங்களவர்களோடு வேலை செய்கிறவனுக்கு அந்தச் சிங்களம் போதும்.

அவன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தலைவலி என்று கிளம்பினான். அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பஸ் நிலையத்தில் இறங்கிய பியதாசவைப் பிடித்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனான். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான்: நெஞ்சில் இருந்த நோவு ஆறிவிட்டது, டாக்டர் பார்த்துவிட்டார், இனி எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம், அடிக்காவிட்டால் அது எனக்கு அவமானம். பியதாச பிளேன்டியை உறிஞ்சிக்கொண்டே யோசித்தான். பிறகு தலையை ஆட்டினான்.

முதல் சுற்றில் பாதிகூட ஆகவில்லை. பியதாசவின் வலது கை சூசைரட்ணத்தின் விலாவில் இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது. அந்த வலியில் பொய் இல்லை என்பது அவனுக்கு உடனே தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தான். திருப்பிக் கொடுத்தான். அவனுடைய குத்தும் பியதாசவின் வாயோரத்தில் சரியாக விழுந்தது. இக்னேசியஸ் கத்திக்கொண்டே தண்டவாளத்தை அடித்தான். இரண்டு பேரும் நிற்கவில்லை. நெஞ்சுக்குழிக்கு நேராக இன்னொன்று வாங்கியும் சூசைரட்ணம் முன்னால்தான் போனான். இழுப்பு மெல்ல மெல்ல ஏறுவதை அவன் உணர்ந்தான். நிற்க மனம் வரவில்லை.

பிறகு உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது. முழங்காலில் விழுந்தான். இந்தத் தடவை யாரும் நடிக்கவில்லை.

பஸ் கராஜில் நின்ற வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கையில் ஊசி ஏற்றிய சில நிமிஷங்களில் இதயம் பறை அடித்தது, விரல்கள் நடுங்கின, மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் இக்னேசியஸ் உட்கார்ந்திருந்தான். பேச முடிந்ததும் சூசைரட்ணம் முதலில் கேட்டது அதைத்தான்.

"யார் சொன்னது ஒங்களுக்கு?"

"என்னத்த?"

"எனக்கு இழுப்புன்னு. ஐவிதானே?"

இக்னேசியஸ் அவனை விநோதமாகப் பார்த்தான். "ஒங்க சம்சாரத்தோட நான் இன்னி வரைக்கும் பேசினதே இல்ல, அண்ணே."

"அப்ப றோசலின்கிட்ட சொல்லிருப்பா."

"றோசலினுக்கு இது ஒன்னுமே தெரியாது. சொன்னது நீங்கதான். மொத நாளு கயிறு தாண்டுனீங்களே, நூறு தாண்டுனதும் ஒங்க நெஞ்சுக்குள்ள விசிலடிச்சிச்சு. என் தங்கச்சிக்கும் இதே சத்தந்தான். பதினாலு வருஷம் ஒரே காம்பராவுல அதக் கேட்டுக்கிட்டுத்தான் தூங்குனேன். இத யாரும் வந்து சொல்லணுமா? விசில் கேக்க ஆரம்பிச்சா மணிய அடிச்சிருவேன்."

சூசைரட்ணம் கூரையைப் பார்த்தான். "தங்கச்சி இப்ப?" என்றான்.

"இருக்கா. பூண்டுலோயாவுல கட்டிக் குடுத்திருக்கு. மூணு புள்ளைங்க."

"சரி, ஏன் என்னைய ஏமாத்துனீங்க? அழகன் வேணும்னே விழுந்தான்."

"விழச் சொன்னது நான் இல்ல. நெஞ்சுல அடிக்காதேன்னு மட்டுந்தான் சொன்னேன். அதுவே தப்புத்தான், ஒங்ககிட்ட கேட்டுருக்கணும். கேட்டா வெக்கப்பட்டு வராம நின்னுருவீங்கன்னு பயந்துட்டேன். நீங்களும் ஒன்னுமில்லன்னுதானே சொன்னீங்க?" என்றான்.



சாயந்தரம் ஐவி வந்தாள். சேதி கேட்டு மூன்று மைலும் நடந்தே வந்திருந்தாள். கால் விரல்களில் செம்மண் அப்பியிருந்தது. இக்னேசியஸ் எழுந்து வெளியே போனான். அவள் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டு, ஊசி போட்ட கையைத் தடவிப் பார்த்தாள்.

"நீ சொல்லிட்டேன்னு நெனச்சேன்," என்றான்.

"என்னத்த சொன்னேன்?"

எல்லாவற்றையும் சொன்னான். அழகன் விழுந்தது, மணி, கோவில் படிக்கட்டு. அவள் ரவிக்கைக்குள்ளிருந்து நான்காக மடித்த நீலக் கடிதத்தை எடுத்து அவன் மடியில் போட்டாள். "அன்னிக்கு இதத்தான் பேசினோம். வாசிங்க."

இரண்டு வருஷத்துக்கு முன் இந்தியாவுக்குப் போய்விட்ட அவள் அண்ணன் மணப்பாறைப் பக்கத்திலிருந்து எழுதியது. அண்ணி காய்ச்சலில் இறந்துவிட்டாள். ஐவிக்கு எழுத்துத் தெரியாது. வருகிற கடிதங்களையெல்லாம் வாசித்துக் காட்டுகிறவன் சூசைரட்ணம்தான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டுவிட்டான். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அன்னிக்குக் காலையில பூசைக்கு நேரமாயிருச்சின்னு நீங்க முன்னாடி போயிட்டீங்க. அப்பறந்தான் பக்கத்துக் காம்பராக்காரங்க கடுதாசியக் கொண்டாந்து குடுத்தாங்க. பார்த்ததும் மனசு கேக்கல, றோசலின் டீச்சர்கிட்ட குடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒங்களோட சொல்லி அழலாம்னு இருந்தேன். எப்பிடிச் சொல்றது? நான் உள்ள வந்தா நீங்க வெளிய போறீங்க. மூணு வாரம் எங்கண்ணிக்காகப் பீலிக்கரையில குழாயத் தொறந்து விட்டுட்டு, சத்தம் கேக்காம அழுதேன்."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மன்னிச்சிரு என்று சொன்னான்.

"முழுசா வாசிங்க," என்றாள். "அன்னிக்கு அவங்க அவசரத்துல வாசிச்சாங்க."

அவன் வாசித்தான். இரண்டு வரிக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அண்ணனின் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தான்.

அவள் கிளம்பும்போது அவன் கேட்டான். "நான் பழகப் போறேன்னு சொன்னப்ப, ஏன் ஒடனே போங்கன்னு சொன்னே?"

"கட்டிக்கிட்டு ஏழு வருஷமாச்சு. நீங்களா ஆசப்பட்டு ஒன்னு செய்யணும்னு சொன்னது அது மட்டுந்தான்."

ஆறு வாரம் கழித்து அவன் திரும்பவும் ஸ்டோருக்குப் போனான். டாக்டர் போட்டிக்கு மட்டும் போகவே கூடாது என்றிருந்தார். எல்லோரையும் நிற்க வைத்துத் தமிழில் ஒரு தடவை, தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் ஒரு தடவை தன் நோயைச் சொன்னான். மூச்சு கட்டினால் தானே கையைத் தூக்குவேன், அதுவரை யாரும் தயவு காட்ட வேண்டாம் என்றான். அழகன் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் அன்னிக்குச் சும்மா விழுந்தேன் அண்ணே," என்று ஒப்புக்கொண்டான். அந்த ஞாயிறு அவனிடமே சூசைரட்ணம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். இரண்டு தடவை கையைத் தூக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தான். உட்காருவது முதல் தடவை கஷ்டமாக இருந்தது, இரண்டாவது தடவை அவ்வளவாக இல்லை.

சந்தேகம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. யாராவது லேசாகக் குத்தினால் இன்னமும் அவன் கண் சுருங்கும். ஆனால் இப்போது மனதுக்குள் வைத்துப் புழுங்குவதில்லை. "ஏன் மெதுவா அடிச்சே?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவான்.

தை மாதத்தில் ஒருநாள் ஐவி பார்க்க வந்தாள். றோசலினோடு அரிசி மூட்டை வைக்கிற பலகையில் உட்கார்ந்து, பியதாசவிடம் அவன் இரண்டு சுற்று அடி வாங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். திரும்பும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. இனி போக வேண்டாம் என்று சொல்லப் போகிறாளோ என்று அவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தான். தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதை திரும்புகிற இடத்தில் அவள் நின்றாள்.

"நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன்," என்றாள். "அந்த எடது கைய ஏங்க ஒவ்வொரு தடவையும் கீழ போடுறீங்க? அதனாலதான அவன் உள்ள வர்றான்?"