புருவத்தை நம்பாத டீச்சர்

அந்த வீடியோவுக்கு மேளம் வைத்தவன் நான். தொடக்கத்தில் ஓர் அருவி, பறந்து வரும் எழுத்துகள், பின்னணியில் எங்கள் மர மேளம். நடுவில் எங்கோ அசெனாதா ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடக் கற்றுக்கொடுப்பாள். எங்கள் தீவு நாட்டுத் தலைநகர் சுவாவில் ஒரு செவிலியர் கல்லூரியில் அவள் ஆசிரியை, நான் படத்தொகுப்பாளன். எனக்கு முறைப்பெண்ணும்கூட, ஆகவே கேலிக்குப் பஞ்சமில்லை.

"மச்சான், இது பாடமா, கல்யாண வீடியோவா?"

"நல்லாருக்குன்னு ஒரு தடவ சொல்லித்தான் பாரேன்."

"நான் சொல்லி என்ன? வசிதி சொல்லட்டும்."

வசிதி கடாவு தீவிலிருந்து வந்து படிப்பவள். அளவுக் கணக்கில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். இன்னொரு முறை தோற்றால் படிப்பே போய்விடும். வீடியோவை அசையாமல் பார்த்து முடித்தாள்.

"புரிஞ்சுதாம்மா?" என்றேன்.

இரு புருவங்களையும் உயர்த்தினாள். எங்கள் ஊரில் அதுதான் 'ஆமாம்'. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அசெனாதா ஒரு மருந்துக் குப்பியை நீட்டினாள். இரண்டு மில்லியில் நூறு மில்லிகிராம். "நோயாளிக்கு எழுபத்தஞ்சு வேணும். எடு."

எடுக்க வேண்டியது ஒன்றரை மில்லி. வசிதி குப்பி முழுவதையும் ஊசியில் ஏற்றினாள்.

"புரிஞ்சுதுன்னியே!" என்று கத்தினேன்.

"அவளத் திட்டாத. பெரியவங்க கேட்டா இங்க யாராவது 'இல்ல'ன்னு சொல்லுவாங்களா? நீ கேட்ட கேள்விதான் தப்பு" என்றாள் அசெனாதா.

மேளத்தை வெட்டச் சொன்னாள். அருவியையும் வெட்டச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே வெட்டினேன். பிறகு பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கினாள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஊசி பாதியில் நிற்கும். மாணவி அளவைத் தட்டினால்தான் நகரும். 'இரண்டு' என்று தட்டினால் திட்டாது. நோயாளிக்கு எவ்வளவு மருந்து கூடுதலாக ஏறியது என்று காட்டும். வழக்கமாக வரும் தவறு ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் எடுக்க வைத்தாள். ஒரு திரை இப்படிப் பொறுமையாக ஒருவருக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வசிதி பார்த்தாள், தப்பாகத் தட்டினாள், மறுபடி தட்டினாள். திடீரென்று நிமிர்ந்து, "டீச்சர், இந்த இடம் புரியல" என்றாள்.

அசெனாதா லாட்டரி விழுந்தவள்போலத் துள்ளினாள். அந்தத் துண்டை அன்றே மறுபடி எடுத்தோம்.

தேர்வு முடிவு வந்த அன்று வசிதி தீவிலிருந்து வீடியோவில் அழைத்தாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"பாஸா?" என்றாள் அசெனாதா.

புருவங்கள் உயர்ந்தன.

"அதெல்லாம் நான் நம்ப மாட்டேன்டி. வாயத் தெறந்து சொல்லு!"

"பாஸ் டீச்சர்! பாஸ்!"

கையருகே மேளம் இல்லாததால் மேசையைத் தட்டினேன். இந்த முறை அவள் வெட்டச் சொல்லவில்லை.