நல்ல மெஷின்

என் நாத்தனாருக்கு ஐந்தாம் நம்பர் மெஷினை வாங்கிக் கொடுத்தது நான்தான். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். வீட்டில் என் சமையலில் குறை கண்டுபிடிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருந்தவள். ஆனாலும் முதன்முதலாக வேலைக்கு வருகிறாள், பாவம், அழுதுகொண்டு வீடு திரும்பக் கூடாது என்று நினைத்தேன்.

எங்கள் வரிசை முழுக்க பிரஸ் மெஷின்கள். தகட்டை உள்ளே வைத்து, கம்பிவலைக் கதவை மூடி, காலால் பெடலை மிதித்தால் அச்சு இறங்கித் தகட்டை அடிக்கும். கதவு சரியாக மூடாவிட்டால் இறங்காது. இப்படி நின்று நின்று ஓடினால் எண்ணிக்கை குறையும், சுவரில் மாட்டிய மைக் சூப்பர்வைசர் குரலில் கரகரக்கும். "மூணாம் நம்பர், வேலை செய்ய வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?" கூடத்தில் அத்தனை தலையும் திரும்பும். மானம் கப்பலேறும். ஐந்தாம் நம்பரில் மட்டும் கதவைத் தூக்கிக் கட்டிவிட்டு, கதவு திறந்திருந்தாலும் ஓடும்படி எதையோ செய்திருந்தார்கள். மிதித்தால் போதும், இறங்கும். நல்ல மெஷின் என்று அதற்கு எங்களுக்குள் அடிதடியே நடக்கும்.

போன மாதம் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றி விசாரிக்க வெளியிலிருந்து ஒரு அம்மா வந்து, இங்கே எதைக் கண்டால் உங்களுக்குப் பயம் என்று கேட்டார். பிரஸ் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. மைக் என்றோம். சொல்லிவிட்டு நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நாத்தனாருக்கு அன்று முதல் நாள். பக்கத்து மெஷினில் நான் நின்றிருந்தேன். காலையிலிருந்தே எனக்கு, ஐந்து என்று மைக் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. அவளோ நான் பயந்ததற்கு மாறாக விறுவிறுவென்று அடித்துத் தள்ளினாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மைக் கரகரத்தது.

யார் நம்பர் என்று சொல்வதற்குள் அவள் தலை திரும்பிவிட்டது. ஒரு கை அச்சுக்குக் கீழே தகட்டின் மேல் இருந்தது. கால் பெடலைத் தேடியது.

நானும் இத்தனை வருடமாக அப்படித்தான் திரும்பியிருக்கிறேன். என் கைக்கும் அச்சுக்கும் நடுவில் கதவு இருந்தது.

கத்தினால் இந்த இரைச்சலில் கேட்காது. எங்கள் இருவருக்கும் நடுவே தூணில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. வரிசை முழுவதையும் நிறுத்துகிற பொத்தான். அதைத் தொட்டவளுக்கு மறுநாள் வேலை இல்லை என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஓங்கி அடித்தேன்.

எல்லா மெஷினும் அடங்கின. அந்த அமைதியில் அவள் கால் பெடலை மிதித்த சத்தம் மட்டும் கேட்டது.

அச்சு இறங்கவில்லை.

"ஏன் அண்ணி நிறுத்துனீங்க? இப்ப என் நம்பரச் சொல்லப் போறாங்க." அவள் கண் மைக்கிலேயே இருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

மைக் மறுபடி கரகரத்து, யார் நிறுத்தியது என்று கேட்டது. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின.

"சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். நீ முதல்ல கைய வெளிய எடு."

அப்போதுதான் அவள் குனிந்து, தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.