மஞ்சள் எரியாத சிக்னல்

வந்தவன் பொய் சொல்கிறான் என்று பரமலிங்கம் தேநீர் வருவதற்குள்ளேயே முடிவு கட்டிவிட்டார்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அண்ணனும் தம்பியுமாக நடத்திய கொழும்புக் கடை எரிந்த நாளிலிருந்து தம்பி ஏரம்புவைக் காணவில்லை. இந்த மூன்று வருடத்தில் இரண்டு பேர் நயினாதீவுக்கு வள்ளம் ஏறி வந்து, அவன் உயிரோடிருக்கிறான் என்று கதை சொல்லி, வயிறாரச் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவதாக வந்த ஆழ்வாப்பிள்ளை, ஏரம்பு செத்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னான். பக்கத்துத் தையற்கடையில் வேலை செய்தவனாம். பரமலிங்கம் ஊருக்கு வந்த பிறகுதான் சேர்ந்தவனாம். கலவரத்தோடு இந்தியாவுக்குப் போய், போன கிழமைதான் திரும்பினானாம். எல்லாம் வசதியாகத்தான் இருந்தது.

ஏரம்புவின் மனைவி அன்னபூரணம் குசினி வாசலில் நின்றாள். அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. அது நாளைக்கும் இருக்குமா என்பது இந்த மனிதனின் வாயில் தொங்கியது.

பரமலிங்கம் அவசரப்படவில்லை. கடை இருந்த சந்தியைப் பற்றி ஆசையாகப் பேசத் தொடங்கினார். ஏழு நிமிடம் பிந்தி ஓடும் மருந்துக்கடை மணிக்கூடு, மழைக்கு ஆட்கள் ஒதுங்கும் வாகைமரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இப்போது அங்கே ஒன்றுமில்லை என்று கேள்வி. வந்தவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்ட யாராலும் முடியும்.

"சிக்னல் லைற் எந்தப் பக்கம் நிண்டது?"

"மருந்துக்கடைக்கு முன்னாலை, அண்ணை."

"மஞ்சள் எரியிறதோ?"

"எரியும். ஏன், எரியாமல் என்ன?"

பரமலிங்கம் கதிரையில் சாய்ந்தார். "அது எங்கட கடை வாசலிலை நிண்டது. பதினொரு வருசம் பாத்தனான், மஞ்சள் ஒருநாளும் எரிஞ்சதில்லை. சிவப்பிலையிருந்து ஒரே பாய்ச்சலிலை பச்சை. எழும்பும் ஐசே, வள்ளம் வெளிக்கிடப் போகுது."

ஆழ்வாப்பிள்ளை வாதாடவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். தம்பியின் உயிரைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்துவிட்டதுபோலப் பரமலிங்கத்துக்கு இருந்தது.

"நில்லுங்கோ தம்பி," என்றாள் அன்னபூரணம். பிறகு பரமலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "அத்தான், அவர் கடைசியாப் போட்ட கடிதத்திலை எழுதினவர். பழைய சிக்னலைப் பிடுங்கிப்போட்டு, மருந்துக்கடைப் பக்கம் புதுசு நட்டிருக்கிறாங்களாம். மஞ்சளும் எரியுதாம். அண்ணை வந்தால் எங்கட கடையைத் தேடித்தான் பிடிப்பார் எண்டு பகிடியும் விட்டிருந்தவர்."

அது தம்பி தன் மனைவிக்கு எழுதிய கடிதம். பரமலிங்கம் அதைக் கேட்டு வாசித்ததில்லை.

வருடாவருடம் அம்மன் திருவிழாவுக்கு ஒருவர் ஊருக்கு வருவார், மற்றவர் கடை பார்ப்பார். கலவரத்துக்கு முந்திய அந்த ஆனியில் வரவேண்டிய முறை ஏரம்புவினுடையது. நேர்த்திக்கடன் இருக்கிறது என்று சொல்லிப் பரமலிங்கம் மாறி வந்திருந்தார். வந்தவர், கடை எரியும்வரை திரும்பிப் போகவில்லை. அந்தப் புதுச் சிக்னலை அவர் கண்டதேயில்லை. கண்டவன் இவன்.

"இரும்," என்றார்.

அன்னபூரணம் ஆழ்வாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நிலத்தில் இருந்தாள். "எந்த நாள், எத்தனை மணி எண்டு சரியாச் சொல்லுங்கோ. திதி பாக்கவேணும்."

அவன் ஒருமுறை பரமலிங்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

அந்த வருடத்துப் பஞ்சாங்கம் அலுமாரிக்குள் இருந்தது. எழுந்து எடுக்க வேண்டியவர் பரமலிங்கம்தான். அவர் கதிரையை விட்டு அசையவில்லை. கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, அன்னபூரணமே எழுந்து போனாள்.