கோப்பையோடு வந்த முப்பத்தேழு பேர்

தச்சன் ரம்பத்தை இழுக்க, வைசன் பலகையின் மறுமுனையை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் அவளுடைய சவப்பெட்டிக்குப் பலகை பிடிக்கக் கூடாது. மற்ற ஆண்களோடு பாயில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காலையிலிருந்து இரண்டு முறை அவரைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். இரண்டு முறையும் எழுந்து வந்துவிட்டார்.

அப்போதுதான் பாட்டு கேட்டது. மண் சாலைக்கு அந்தப் பக்கம், பாலர் பள்ளியின் தகரக் கொட்டகையிலிருந்து.

"எழுந்தாச்சு டீச்சர், மூஞ்சி கழுவியாச்சு டீச்சர், பசிக்குது டீச்சர்!"

ரம்பம் நின்றது. வீட்டுக்குள் அவர் மனைவி எனெலெசியின் உடலைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த பெண்களின் பாட்டும் நின்றது. ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருந்தவள் முகத்தைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். சாவு வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வருவது அந்த ஊரில் வழக்கமில்லை. சாவு என்ற சொல்லையே அவர்கள் காதில் போடமாட்டார்கள். ஆகவே விடிந்ததும் ஒவ்வொரு தாயும் தலையில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைக்கு முகம் கழுவி, கையில் பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்து, தினமும் அனுப்புகிற மாதிரியே எனெலெசி டீச்சரிடம் அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டு எனெலெசி டீச்சரின் சாவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். ஊரில் ஒருத்திக்கும் இது இடிக்கவில்லை.

உள்ளே யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது அடுத்தவளுக்குத் தொற்றி, கடைசியில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, சிரித்தபடியே அழுதார்கள். செத்துப்போனவளும் இதைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

"நான் போய்க் கஞ்சி வெக்கிறேன்" என்றார் வைசன்.

"உனக்குக் கஞ்சி வெக்கத் தெரியுமா மாப்ள?" என்று கேட்டார் ஜோசாம். எனெலெசியின் அண்ணன். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும். இதென்ன பெரிய வேலையா?"

ஜோசாம் அவரைச் சாலை வரை கூடவே கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைங்க கேட்டா, டீச்சர் லிலோங்வே பட்டணத்துக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு. உறவுக்காரங்களைப் பார்க்க. வேற எதையும் உளறி வெக்காத."

"சரி மச்சான்."

வைசன் வீட்டோடு மாப்பிள்ளை. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சைக்கிளும் ஒரு கோடாரியுமாக இந்த ஊருக்கு வந்தவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். எத்தனை வருஷம் ஆனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான், ஊர்க்காரியங்களில் அவனுக்கு வாய் கிடையாது. இது அவரை ஒருநாளும் உறுத்தியதில்லை. வீட்டில் பேசவேண்டியதையெல்லாம் எனெலெசியே பேசினாள். நேற்றுச் சாயங்காலமும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, அவர் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்து ஏதோ கேலி செய்தாள். தலை கனக்கிறது என்று பாயில் சாய்ந்தாள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. வைசனுக்கு அழுகை இன்னும் வரவில்லை. நன்றாக வாழ்ந்துவிட்டோம் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. அதை இன்றைக்கு வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

கொட்டகைக்கு வந்திருந்தவை முப்பத்தேழு பிள்ளைகள். முப்பத்தாறு வரிசையில் உட்கார்ந்திருந்தன. யாங்கோ என்ற சிறுமி மட்டும் வழக்கம்போலத் தனியாக, தார்ச்சாலை தெரிகிற பக்கம் பார்த்துக்கொண்டு வேலி ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்க்காமலே வைசன் அடுப்பு மூட்டினார். யாங்கோவை நேராகப் பார்க்க அவருக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சம். பதினாலு மாதத்துக்கு முன்னால் அவள் அம்மா மாலிதாவைத் தன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மிதித்துக் கொண்டுபோனவர் அவர்தான். குழந்தை பின்னாலேயே ஓடிவந்து கையாட்டியது. மாலிதா திரும்பி வந்தது பெட்டியில். அன்றைக்குக் குழந்தையைப் பக்கத்து ஊரில் விட்டிருந்தார்கள். வந்து கேட்டபோது பெரியம்மா ஃபனெசி, அம்மா தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போயிருக்கிறாள், ஷூ வாங்கிக்கொண்டு வருவாள் என்று சொல்லிவிட்டாள். பாசத்தில் சொன்ன பொய்தான். அன்றிலிருந்து குழந்தை மினிபஸ் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான்கு வயதில் இருந்த எடைதான் ஐந்து வயதிலும். மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கும்போது எனெலெசி எல்லாப் பிள்ளைகளுக்கும் அட்டையில் மேல்நோக்கிக் கோடு இழுப்பாள். யாங்கோவின் அட்டையில் கோடு படுத்தே கிடந்தது. அவள் கஞ்சியில் நிலக்கடலைப் பொடியைக் கூடுதலாக இரண்டு கரண்டி போட்டுப் பார்த்தாள். யாங்கோ இரண்டு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவாள்.

"அதுக்குக் கடலை பத்தாதுன்னு நினைக்கிறியா?" என்று எனெலெசி ராத்திரிகளில் புலம்புவாள். "அதுக்கு நிஜம் வேணும். ஃபனெசி வாயைத் திறக்கமாட்டேங்கிறா. அவ பிள்ளை, அவதான சொல்லணும்? பள்ளிக்கூடம் சேரட்டும் சொல்றேங்கிறா. அதுக்குள்ள இது காத்தோட போயிடும்."

தண்ணீர் கொதித்தது. வைசன் மக்காச்சோள மாவை அப்படியே தூக்கிக் கொட்டினார்.

"ஐயையோ தாத்தா!" என்றது ஒரு குட்டி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "முதல்ல பச்சத் தண்ணில கரைக்கணும். இப்ப கட்டி கட்டியா ஆயிடுச்சு பாருங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் பார்க்கிறமே. உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

யாங்கோவைத் தவிர முப்பத்தாறு பேரும் அடுப்பைச் சுற்றி நின்று அவரை ஏவினார்கள். சர்க்கரை போதாது. உப்பு ஒரு சிட்டிகைதான். கிண்டுகிற துடுப்பைச் சுற்றக் கூடாது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ள வேண்டும். வைசனுக்குச் சந்தோஷமாக இருந்தது. சாவு வீட்டுப் பாயை விட இந்தப் புகை எவ்வளவோ மேல் என்று நினைத்தார்.

கஞ்சி ஊற்றத் தொடங்கியதும் அந்தக் கேள்வி வந்தது.

"டீச்சர் எங்க தாத்தா?"

அவர் சொல்லவேண்டியது நாக்கில் தயாராக இருந்தது. "டீச்சர் லிலோங்வே போயிருக்காங்க."

"ஓ" என்றன பிள்ளைகள். கோப்பைகளை நீட்டின. அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று அவர் மூச்சு விட்டபோது வேலி ஓரத்திலிருந்து யாங்கோ எழுந்து வந்தாள்.

"எந்த பஸ்ல போனாங்க?"

"நேத்து... சாயங்கால பஸ்ல."

"நேத்துச் சாயங்காலம் மூணு பஸ் வந்துச்சு. ஒண்ணு நீலம். ரெண்டு வெள்ளை. எல்லாத்தையும் நான் பார்த்தேன். டீச்சர் ஏறல."

குழந்தை அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவள் விவரம் தெரியாதவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். வைசன் கரண்டியைப் பானைக்குள் விட்டார். இனி இவள் இரண்டு பேருக்காகச் சாலையைப் பார்ப்பாள் என்பது அவருக்குப் புரிந்தது. எனெலெசியின் பெயரால் அந்தக் காரியத்தைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அவர் குந்தி உட்கார்ந்தார்.

"ஏறலம்மா. நீ சொல்றது சரி. டீச்சர் செத்துட்டாங்க."

நீட்டியிருந்த கோப்பைகள் அப்படியே நின்றன. பிறகு ஒரு பையன் கேட்டான், "எங்க வீட்டு ஆடு செத்துச்சே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"நாளைக்கு வருவாங்களா?"

"நாளைக்கும் வரமாட்டாங்க. அதுக்கு அடுத்த நாளும் இல்ல."

"அவங்களுக்கு வலிக்குதா?"

"இல்லடா. ஒண்ணும் வலிக்கல."

"அப்ப நாளைக்குக் கஞ்சி?"

"நான் வெக்கிறேன். கட்டியில்லாம."

பையன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். சிலர் அழத் தொடங்கினார்கள், சிலர் குடித்துக்கொண்டே அழுதார்கள். இடுப்பில் கை வைத்த குட்டி தன் கோப்பையைப் பக்கத்தில் அழுகிறவளுக்கு நீட்டினாள். யாங்கோ அழவில்லை. அவள் வைசனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர் ஏறல" என்றாள். "எங்கம்மா இறங்கவும் இல்ல."

இது வைசன் சொல்லவேண்டியது இல்லை, ஃபனெசி சொல்லவேண்டியது. அப்போதுதான் வேலிக்கு வெளியே ஃபனெசி நிற்பதைப் பார்த்தார். அவருக்கு உதவியாகத் தண்ணீர் வாளியைக் கொண்டுவந்தவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவளுக்குப் பின்னால் ஜோசாமும், இன்னும் இரண்டு ஆண்களும்.

"யாரைக் கேட்டுச் சொன்ன?" என்று ஜோசாம் பல்லைக் கடித்தார். "உன்கிட்ட என்ன சொல்லி அனுப்பினேன்?"

வைசன் ஃபனெசியையே பார்த்தார். அவள் வாளியைக் கீழே வைத்தாள். குழந்தையின் முன்னால் வந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

"இறங்கமாட்டாடி" என்றாள். "உங்கம்மா ஆஸ்பத்திரியிலயே போயிட்டா. பெரியம்மா உனக்குப் பொய் சொல்லிட்டேன். அவ எந்த ஊருக்கும் போகல. அந்த மரங்களுக்குக் கீழ மண்ணுல இருக்கா. உன்னை விட்டுட்டு எங்கயும் போகல."

ஊர்ப் புதைகாட்டின் பெரிய மரங்கள் அங்கிருந்தே தெரிந்தன. யாங்கோ அவற்றைப் பார்த்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று வைசன் நினைத்ததில்லை. அவரும் அப்போதுதான் உடைந்தார். நேற்றிலிருந்து வராத அழுகை யாரோ மடையைத் திறந்துவிட்டதுபோல வந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் பெண்களின் பாட்டு மறுபடி நின்றது. ஃபனெசி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகச் சாவு வீட்டுக்குப் போனாள். வாசலில் யாரோ, "பிள்ளையை உள்ள கொண்டு போகாத" என்றார்கள். அவள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். ஒரு குழந்தை சாவு வீட்டில் இருப்பது அதுதான் முதல் தடவை. யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு பாட்டை எடுத்துக்கொடுக்கிறவள், மூத்தவள், மாலிதாவின் பெயரைச் சொல்லி ஒப்பாரியைத் தொடங்கினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எனெலெசியை அரைமணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பதினாலு மாதத்துக்கு முன்னால் போனவளுக்காக, அவள் மகள் இருக்கும்போது, முழுசாக ஒரு தடவை அழுதார்கள்.

கொட்டகைப் பிள்ளைகளை இரண்டு இளம்பெண்கள் பார்த்துக்கொள்ள, வைசன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஜோசாம் அவரோடு பேசவில்லை. பெட்டி தயாரானது. ஆணி அடித்து, துணி ஒட்டி, உள்ளே கொண்டுபோய் எனெலெசியை அதில் வைத்தார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து நிழல் சாயத் தொடங்கியபோது குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டிகளோடு வந்தார்கள். சாவு நாளில் அந்த ஊரில் அவர்கள் சொன்னதுதான். ஊர்த்தலைவரே எழுந்து நிற்பார். குழியைத் திறந்துபோட்டுக் காக்கவைக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். தாமதித்தால் கோழி அபராதம், மேலும் தாமதித்தால் ஆடு.

"குழி ஆயிடுச்சு. தூக்கலாம்" என்றான் அவர்களின் தலைவன் பிலிமோனி. நான்கு பேர் வாசலில் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

பெண்கள் எல்லோரும் உதட்டில் விரலை வைத்திருந்தார்கள்.

ஃபனெசியின் மடியில் தலைவைத்து யாங்கோ தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. உதட்டோரத்தில் கஞ்சி காய்ந்திருந்தது. யாரோ கொண்டுவந்து ஊட்டியதில் கோப்பை காலியாகியிருந்தது.

"தூக்கி வேற எடத்துல படுக்க வைங்க" என்றான் பிலிமோனி, அவனும் குசுகுசுவென்றுதான்.

"மாட்டேன்" என்றாள் ஃபனெசி. "பதினாலு மாசத்துல இப்பதான் இப்படித் தூங்குறா. நீ கோழி கேளு, ஆடு கேளு. குடுக்கிறேன். எழுப்பமாட்டேன்."

பிலிமோனி ஊர்த்தலைவரைப் பார்த்தான். தலைவர் வானத்தைப் பார்த்தார், பிறகு ஜோசாமைப் பார்த்தார். செத்தவள் அவர் தங்கை. முடிவு அவருடையது. ஜோசாம் கதவு நிலையில் சாய்ந்து குழந்தையை வெகுநேரம் பார்த்தார்.

"என் தங்கச்சிக்கு அவசரம் ஒண்ணுமில்ல" என்றார். "எல்லாரும் உட்காருங்க. பிள்ளை எழுந்திரிக்கட்டும்."

வெளியே போய் வைசனின் பக்கத்தில் நின்றார். "நாளைக்குக் கஞ்சி வெக்கும்போது மாவைப் பச்சத் தண்ணில கரை மாப்ள" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல். "ஊரே சிரிக்குது."

குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டிகளைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் பாட்டைத் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார்கள். குழந்தை தூக்கத்தில் ஒருமுறை புரண்டு காலை நீட்டியது. அதன் பாதம் எனெலெசியின் பெட்டிமேல் போய் முட்டி அங்கேயே நின்றது. யாரும் அதை நகர்த்தவில்லை.