பாப்பாவுக்கு ஒரு பாஸ்

ஜூன் மாதம் அந்த உல்லாசக் கப்பல் மும்பையை விட்டு சென்னைக்கு வந்ததிலிருந்து, திங்கட்கிழமை சாயங்காலம் ஆனால் நந்தினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். வள்ளூரில் அவர்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் முதலில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்தான் தெரியும். அதைத் தாண்டி உப்பளம், அதைத் தாண்டி ஒரு கோடு மாதிரி கடல். அந்தக் கோட்டின்மேல் கப்பல் வடக்கே விசாகப்பட்டினம் நோக்கிப் போகும்போது, அதில் வேலை பார்க்கும் அவள் புருஷன் பார்த்திபன் போன் செய்வான்.

"நந்து, நம்ம சிம்னி தெரியுது."

"எனக்கு வெள்ளையா ஒண்ணு தெரியுது மாமா. அது நீயா, நிலக்கரி கப்பலா?"

"வெள்ளையா இருந்தா நாந்தான். பாப்பா முழிச்சிகினு இருக்கா?"

"முழிச்சிகினுதான் இருக்கா. காக்காவப் பாக்குறா."

இருபது நிமிஷம் பேசலாம். அப்புறம் குரல் உடைந்து உடைந்து வரும். "கேக்குதா, கேக்குதா" என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விடும். அவள் இருட்டும்வரை மாடியிலேயே நிற்பாள். கீழேயிருந்து மாமியார் கங்கம்மா, "கொழந்தைக்கு பனி புடிக்கும், எறங்கி வா" என்று கூப்பிடுவாள். ஜூன் மாதத்தில் என்ன பனி? ஆனாலும் இறங்கி வருவாள்.

பார்த்திபன் கேட்டரிங் படித்தவன். அக்டோபரில் மும்பை போய்க் கப்பல் ஏறினான். அப்போது நந்தினிக்கு ஏழாம் மாதம். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு கம்பெனி பஸ் ஏற முடியாமல் அந்த மாதம்தான் விடுப்பு எடுத்திருந்தாள். டிசம்பரில் குழந்தை பிறந்தது. ஆறு மாத ஒப்பந்தம் முடிந்தபோது மாற்று ஆள் வரவில்லை என்று இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். இதுவரை அவன் மகளைப் பார்த்ததெல்லாம் போனில்தான்.

குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறப்புச் சான்றிதழில் அப்பா பேர் இருந்தது, அம்மா பேர் இருந்தது, குழந்தையின் பேர் போட வேண்டிய கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. பிறந்த மறுநாளே பார்த்திபன் சொல்லிவிட்டான்: "பேர் நான் முடிவு பண்ணிட்டேன். போன்ல சொல்ல மாட்டேன். நானே வந்து மடியில வச்சு, காதுல மூணு தபா சொல்றேன். அதுவரிக்கும் பாப்பானே கூப்புடுங்க."

கங்கம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பக்கத்து ஊட்டு நாய்க்குட்டிக்குக்கூட பேர் இருக்குது" என்பாள். நந்தினி மறுத்துப் பேச மாட்டாள். முதல் சிரிப்பை அவன் பார்க்கவில்லை, குப்புற விழுந்ததைப் பார்க்கவில்லை. இது ஒன்றுதான் அவனுக்கென்று பாக்கி இருந்தது. அதையும் எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

சென்னையில் கப்பல் நிற்கும் நாள்தான் அவனுக்கு வேலை அதிகம். பழைய பயணிகள் இறங்க, புதுப் பயணிகள் ஏற, படிக்கட்டின் வாயிலில் அவன் நிற்க வேண்டும். தமிழும் தெலுங்கும் பேசுவான் என்பதால் அங்கே போட்டிருந்தார்கள். மற்ற துறைமுகங்களில் பயணிகள் ஊர் சுற்றிப் பார்க்க இறங்கும்போதும் அவன்தான். ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும்: கப்பல் கார்டு ஒன்று, போட்டோ போட்ட ஒரிஜினல் அடையாள அட்டை ஒன்று, போனில் இருக்கும் படம் செல்லாது, இலங்கையில் இறங்கினால் பாஸ்போர்ட். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொல்லுவான். தூக்கத்தில்கூட அதையே சொல்வதாக அறையில் கூட இருக்கும் இம்மானுவேல் கிண்டல் செய்வானாம்.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான். குரலே வேறு மாதிரி இருந்தது.

"நந்து, நாளைக்கு மூணு மணி நேரம் குடுத்திருக்காங்க. பதினோரு மணிலேந்து ரெண்டு வரிக்கும்."

"ஊட்டுக்கு வரியா?"

"ஊட்டுக்கு வந்துட்டுத் திரும்ப முடியாது. நீ பாப்பாவத் தூக்கிகினு துறைமுகம் கேட்டுக்கு வந்துடு. நான் வெளிய வரேன். ஆதார் ஒரிஜினல் எடுத்துகினு வா, மறந்துடாத. போன்ல இருக்குறது செல்லாது."

"சரி மாமா."

"பாப்பாவோட சர்டிபிகேட்டும் எடுத்துக்கோ. எதுக்கும் இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலை நந்தினி பாப்பாவுக்கு மஞ்சள் கவுன் போட்டாள். கங்கம்மாவுக்கும் வர ஆசைதான். ஆனால் அன்றைக்குத்தான் நாற்று நட ஆட்கள் வருகிறார்கள். மகனுக்கென்று முறுக்கு கட்டிக் கொடுத்தாள். "இளைச்சிட்டானானு நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று வாசல்வரை வந்து சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டாள்.

அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறினாள். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து கேட்டுக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு வேப்பமரத்து நிழலில் குழந்தையைத் தோளில் சாய்த்து நின்றாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் அவனுக்காக நின்றபோதுகூட இப்படி அடித்துக்கொண்டதில்லை.

பதினொன்று இருபதுக்கு உள்ளே ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையில் ஒருவன் குதித்து இறங்கி ஓடி வந்தான். இளைத்துத்தான் இருந்தான். மீசை இல்லை. தூரத்திலேயே கையை ஆட்டினான். அவள் பாப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பி ஆட்டினாள்.

கேட்டில் இருந்த காவலர் அவனை நிறுத்தினார். சட்டையில் ஆதிநாராயணன் என்று பேர் குத்தியிருந்தது. பார்த்திபன் கப்பல் கார்டைக் காட்டினான், வெளியே போவதற்கான சீட்டைக் காட்டினான். அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சி.டி.சி. புக்கு எங்க நைனா?"

பார்த்திபன் சட்டைப்பையைத் தொட்டான். பேன்ட் பையைத் தொட்டான். அவன் முகம் மாறியதை நந்தினி வெளியிலிருந்தே பார்த்தாள். கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் புத்தகம்தான் அடையாளம். சீட்டு வாங்குவதற்காகக் கப்பல் ஆபீசில் கொடுத்தவன், சீட்டு கைக்கு வந்த அவசரத்தில் புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வேன் பிடிக்க ஓடி வந்திருந்தான்.

"சார், அதோ என் சம்சாரம் சார். கொழந்தையத் தூக்கிகினு நிக்கிறா. பொறந்ததுலேந்து நான் பாத்ததே இல்ல சார்."

ஆதிநாராயணன் திரும்பி நந்தினியைப் பார்த்தார். "தெரியுது நைனா. ஆனா சீட்டுலயே எழுதியிருக்குது பாரு, புக்கோட சேத்துக் காட்டணும்னு. நான் உட்டேன்னா, திரும்பி வரும்போது உன்ன உள்ள உட மாட்டாங்க. கப்பல் போய்டும், உன் வேலையும் போய்டும்."

"போய் எடுத்துகினு வந்தா?"

"வேன் அரை மணிக்கு ஒரு தபாதான். போக வர ரெண்டு மணி நேரம் ஆவும்."

பார்த்திபன் நெற்றியில் அடித்துக்கொண்டான். இருபதடி தூரத்தில் நின்று அவளைப் பார்த்தான். "ஆயிரம் பேருக்குச் சொல்றேன், நந்து" என்றான்.

நந்தினிக்கு அழுகை வந்தது. அழுதால் நேரம் போகும் என்று தோன்றியது. காவலரிடம் கேட்டாள்: "சார், அவரு வெளிய வரக்கூடாது. நாங்க உள்ள போலாமா?"

அவர் யோசித்தார். "உள்ள பார்வையாளர் ஷெட்டு இருக்குது. பாஸ் வாங்கினா ஒரு மணி நேரம் உக்காரலாம். அந்தக் கவுண்டர்ல கேளும்மா. ஆதார் வச்சிருக்கியா?"

கவுண்டர் கேட்டிலிருந்து முப்பது அடி தூரம். முன்னால் நாலு லாரி டிரைவர்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் போட்டோ எடுத்து, கைரேகை வைத்து முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அவள் முறை வந்ததும் ஆதாரை நீட்டினாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் தட்டி முடித்து நிமிர்ந்தாள்.

"கொழந்தையோட ஐடி?"

"ஆறு மாசக் கொழந்தைங்க."

"கைக்கொழந்தையா இருந்தாலும் பாஸ் போடணும்மா. பர்த் சர்டிபிகேட் இருந்தா போதும்."

நல்லவேளை என்று சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் வாசித்துவிட்டு, மறுபடி வாசித்தாள்.

"பேரே இல்லையே இதுல."

"இன்னும் வைக்கலைங்க."

"அந்தக் கட்டத்த காலியா உட்டா கம்ப்யூட்டர் மேல போகாதும்மா. சான்றிதழ்ல அப்பறம் ஏத்திக்கலாம். இப்போ இதுல போட ஒரு பேர் சொல்லு."

நந்தினி அவனுக்குப் போன் செய்தாள். முப்பது அடிக்கு அந்தப் பக்கம் அவன் போனைக் காதில் வைப்பது தெரிந்தது.

"மாமா, பாப்பா பேர் கேக்குறாங்க. பேர் சொன்னாதான் பாஸு."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தான்.

"மாமா?"

"போன்ல சொல்லக்கூடாதுனு இருந்தேன் நந்து." தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நீ கேட்டாண்ட வா."

அவள் வரிசையில் பின்னால் நின்றவரிடம், "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு கேட்டுக்கு வந்தாள். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டில் ஆதிநாராயணன் அவளை நிறுத்தினார். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்திபன். நடுவில் லாரி போகும் வழி. குழந்தையை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அவன் வாயருகே கையைக் குவித்து ஏதோ சொன்னான். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு குறுக்கே போனது.

"கேக்கல மாமா!"

மறுபடி சொன்னான். பின்னால் வந்த லாரி பிரேக் போட்டுக் கிறீச்சிட்டது. ஆதிநாராயணன் கையை உயர்த்தி மூன்றாவது லாரியை நிறுத்தினார். "சொல்லு நைனா" என்றார்.

"பூமிகா!"

அவன் கத்திய கத்தலில் டிரைவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கையில் இருந்த குழந்தையும் தலையைத் தூக்கிப் பார்த்தது. நந்தினி முகத்தை அதன் கவுனில் புதைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கேட்டுச்சும்மா. போய் எழுது, டைம் போவுது" என்றார் காவலர்.

கவுண்டரில் அந்தப் பெண், "B-க்கு அப்பறம் H வருமா?" என்று கேட்டாள். மறுபடி கேட்டுக்கு ஓட நேரமில்லை. "வரட்டும்" என்றாள் நந்தினி.

பார்வையாளர் ஷெட்டில் இரண்டு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் இருந்தன. பார்த்திபன் கையைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினான். அது அவன் முகத்தை ஒரு நொடி பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு வீறிட்டு அழ ஆரம்பித்தது. அவன் எழுந்து நடந்தான், தட்டிக் கொடுத்தான், வாயால் சத்தம் எழுப்பினான். அழுகை அதிகமானதுதான் மிச்சம். கடைசியில் நந்தினியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னத் தெரில அவளுக்கு."

"தெரியும் மாமா. போன்ல சின்னதா இருப்ப. இப்போ பெருசா இருக்கியா, அதான் பயந்துட்டா."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "எட்டு மாசமா தண்ணியே பாத்துகினு இருக்கேன் நந்து. மொத வாரம் டெக்ல நின்னப்பவே இந்தப் பேர்தான் வந்துச்சு. பையன் பொறந்திருந்தா என்னா பண்ணியிருப்பேன்னு தெரில."

முறுக்கைப் பிரித்து இரண்டு பேரும் தின்றார்கள். பேச வேண்டும் என்று வாரக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. நடவு ஆள் வந்தாச்சா என்று கேட்டான். வந்தாச்சு என்றாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கை காய்த்திருந்தது. அவன் தோளில் தலையைச் சாய்த்தபோது சட்டையில் கப்பல் சலவையின் சோப்பு வாசனை வந்தது, அதற்கு அடியில் அவனுடைய வாசனை.

"இன்னும் மூணு மாசம்" என்றான்.

"இந்த தபா நீட்டினாங்கன்னா?"

"எழுதிக் குடுத்துட்டேன். மாட்டேன்னு."

நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது?

பாஸ் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது குழந்தை அழுது களைத்து அமைதியானது. நந்தினி அதை அவன் மடியில் வைத்தாள். அது இந்த முறை அழவில்லை. பயந்துபோய் அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தது. பார்த்திபன் மூச்சை அடக்கி அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு மெல்லக் குனிந்து அதன் காதில், லாரிச் சத்தம் குறுக்கிடாமல், தான் சொல்ல வேண்டியதைச் சொன்னான். மூன்று தடவை சொன்னானா, முப்பது தடவை சொன்னானா என்று நந்தினி எண்ணவில்லை. வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

வேனில் ஏறியவன் ஜன்னல் வழியே கையை நீட்டிக்கொண்டே போனான். கன்டெய்னர்களுக்குப் பின்னால் வேன் திரும்பிய பிறகும் அவள் அங்கேயே நின்றாள். ஆதிநாராயணன்தான் வந்து, "வா தாயி, வெயிலு" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கங்கம்மா வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். இளைத்துவிட்டானா, சாப்பிட்டானா, மீசை எங்கே போனது, எல்லாவற்றையும் கேட்டாள். பேரையும் கேட்டாள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, "பூமி" என்று சுருக்கிக்கொண்டாள். பிறகு குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்கினாள்.

"வேணாம் அத்தை. இன்னிக்கு ஒரு நாள் குளிப்பாட்ட வேணாம்."

"ஏன்? ரயிலு, ரோடுனு சுத்திகினு வந்திருக்கா. கவுன் பூரா அழுக்கு."

"இருக்கட்டும் அத்தை."

கங்கம்மா குழந்தையை முகத்தருகே கொண்டுபோனாள். மஞ்சள் கவுனின் தோள்பட்டையை ஒருமுறை முகர்ந்தாள். கப்பல் சோப்பு வாசனை அதில் இன்னும் இருந்தது. சிறிது நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, குழந்தையை நந்தினியிடம் கொடுத்துவிட்டு, காலைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.