ஆறாவது கை

எங்கள் சீமை சின்னது. கிழக்கே ஆறு, மேற்கே மலை, நடுவில் கோட்டை. அரசரின் சட்டம் இங்கே செல்லாது; கோட்டைப் பிரபு வைத்ததுதான் சட்டம். வேல்ஸ்காரர்களான எங்களுக்குப் பழைய வழக்கம் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார். திருட்டுப் பழி விழுந்தவன் 'நான் எடுக்கவில்லை' என்று சத்தியம் செய்ய வேண்டும். அவன் ரத்த உறவில் ஆறு ஆண்கள் கோயிலில் இருக்கும் புனிதரின் வெண்கல மணியில் கைவைத்து, 'இவன் சத்தியம் சுத்தம்' என்றால் விடுதலை. ஒரு கை குறைந்தாலும் தூக்கு.

பிரபுவின் உழவு மாட்டைத் திருடியதாக என் அண்ணன் கின்ரிக்கைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஐந்து பேர் தேறினார்கள். ஆறாவதற்கு என் புருஷன் இத்தெலை விட்டால் ஆளில்லை. சபைக்கு ஆகாத முறை என்று பாதிரியார் முகம் சுளிக்கச் சுளிக்க நான் கட்டிக்கொண்ட மாமன் மகன்; அதனால் அண்ணனுக்கும் ரத்த உறவு. அந்த மனுஷன் ஒரு வாரமாகப் பிடிகொடுக்கவே இல்லை.

விசாரணை அன்று காலையில் வெடித்துவிட்டேன்.

"யோவ், நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? எங்கண்ணன் தொங்கப் போறான், நீ கஞ்சியக் கிண்டிக்கிட்டு உக்காந்திருக்க!"

"மணி மேல கை வெக்கணும், குவெர்வில். பொய் சொன்னா வாய் கோணிக்கும்."

"அப்போ எங்கண்ணன் திருடங்கிறியா?"

"இல்ல. அவன் எடுக்கல."

"அப்புறம் என்னய்யா நோவு உனக்கு? எந்திரி!"

சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன்.

கோயில் முற்றத்தில் ஐந்து பேரும் சொல்லி முடித்திருந்தார்கள். உச்சிப்பொழுதுதான் கெடு. பிரபுவின் காரியஸ்தர் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் இத்தெலின் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

அவன் மணியைத் தொட்டான். "இவன் சத்தியம் சுத்தம்."

அப்பாடா! எனக்கு உயிர் வந்தது.

"சரி, போ," என்றார் காரியஸ்தர்.

இத்தெல் கையை எடுக்கவில்லை.

"கைய எடுய்யா!" என்று கத்தினேன்.

"மாட்ட நான்தான் ஆத்துக்கு அக்கரை ஓட்டினேன்," என்றான். "விதை ஓட்ஸுக்கு மாத்திட்டேன். மணிய தொட்டுக்கிட்டுப் பாதிய முழுங்கினா அதுவும் பொய்தானே?"

அடப்பாவி, அதை யாருமே கேட்கவில்லையே! கேட்டதைச் சொல்லிவிட்டு வந்திருந்தால் ராத்திரி வீட்டில் இருந்திருப்பான்.

அண்ணனின் கட்டை அவிழ்த்தார்கள். இத்தெலின் கைகளைப் பின்னால் கட்டினார்கள். எழுத்தர் இறகுப் பேனாவை மையில் தோய்த்து நிமிர்ந்தார்.

"இவன ஆஜர்படுத்தினது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றேன்.