கொடுவா மீனுக்குக் காய்ச்சல் வாங்கிக் கொடுத்தது

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வடிவுடையம்மன்மேல் ஆணையிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, திருவொற்றியூரில் அவளைப் பார்க்க வரிசை தேரடி வரைக்கும் நிற்கிறது. என் சத்தியத்தைக் கவனிக்க அவளுக்கு நேரம் இருக்காது. ஆகவே என் மேல்வரிசைப் பல்செட்டின்மீது சத்தியம். அது போனால் எனக்கு மீன் தின்ன வழியில்லை. இதைவிடப் பெரிய ஆணை என்னிடம் கிடையாது.

கதை பிறந்த இடத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் நாக்கு. எண்ணூர்க் கழிமுகத்தில் மிதவைக் கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்கும் தங்கபுஷ்பம், முதல் அறுப்பில் எனக்கு ஒரு மீன் தருவதாகச் சொல்லியிருந்தாள். அது எப்போது கிடைக்கும் என்று விசாரிக்கத்தான் பஸ் ஏறினேன். கதை எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை.

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"விடிகிற நேரத்தில் கழிமுகத்தின்மேல் ஆவி ஒரு வெள்ளைப் போர்வையைப் போல…" [போர்வை எல்லாருடைய கதையிலும் இருக்கிறது. விட்டாயிற்று.]

"வைரஸ் என்பது உயிருள்ளது என்றும் சொல்ல முடியாது, செத்தது என்றும் சொல்ல முடியாது. யார் உடம்பிலாவது ஒண்டிக்கொண்டால்தான்…" [என்னைப் பற்றி என் மருமகள் சொல்வதும் இதேதான். அடித்துவிட்டேன்.]

"மீன்களெல்லாம் கூண்டின் ஒரே பக்கமாக நின்றன."

மூன்றாவதை வைத்துக்கொள்வோம். நான் போனபோது அப்படித்தான் நின்றன. எண்ணூறு கொடுவா, ஒவ்வொன்றும் முழங்கை நீளம், கூட்டமான பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் நெருக்கியடிக்கும் ஆட்களைப்போலத் தெற்கு வலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. உடம்பு கறுத்திருந்தது. தீனியை வீசினால் திரும்பிப் பார்க்கவில்லை. செத்த மீனைத் தங்கபுஷ்பம் கைவலையால் அள்ளி அன்னக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள், என்னைப் பார்க்காமலே. "நேத்து முப்பது. உன் மீனும் அதுல எதுனா ஒண்ணா இருக்கும் நைனா. எடுத்துகினு போ."

நான் எடுக்கவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு. வாடை வேறு அடித்தது.

3

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. (விளக்கம் பிடிக்காதவர்கள் நாலாவது பகுதிக்குப் போகலாம். அங்கேயும் விளக்கம்தான் இருக்கிறது.)

தங்கபுஷ்பம் முன்பெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்தவள். சேற்றில் மின்நிலையங்களின் சாம்பல் படிந்து கை வெந்துபோன பிறகு கூண்டுக்கு மாறினாள். விரல் அளவுக் குஞ்சாக வாங்கி, எட்டு மாதம் கையால் தீனி போட்டிருக்கிறாள். இதுவும் போனால் கொடுங்கையூரில் குப்பை வண்டிக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே போய்விடுவதாக முடிவு. "அப்புறம் தண்ணி மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்," என்றாள். அவள் அப்படிச் சொன்னால் செய்கிறவள்.

அந்தக் கரையில் ஒரு பழக்கம். சின்ன வலையிலிருந்து பெரிய கூண்டுக்கு மீனை மாற்றுகிற நாளில், பக்கத்துக் கூண்டுக்காரர் தன் கூண்டிலிருந்து ஐந்து மீன் பிடித்து அதில் விட வேண்டும். துணைமீன் என்று பெயர். புது வீட்டுக்கு விளக்கு கொடுப்பதைப் போல. போன மாதம் தங்கபுஷ்பத்தின் கூண்டில் துணைமீன் விட்டவன் பக்கத்துக் கூண்டு ஜெயவேல். அவன் மீன்களுக்குப் போன மழைக்காலத்தில் சீக்கு வந்து பாதி செத்தன. மீதி பிழைத்து, கொழுத்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு திரிந்தன. அந்தப் பிழைத்ததுகளில்தான் ஐந்து.

என் முதல் பிரதியில் ஜெயவேல் வில்லன். பக்கத்துக்காரி முன்னுக்கு வருவது பொறுக்காமல், நோய் என்று தெரிந்தே விட்டான் என்று எழுதியிருந்தேன். ஒரு சாயங்காலம் படகுத்துறையில் உட்கார்ந்து இருவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"இன்னா நைனா, என்னிய ரவுடியாக்கிட்டே?" என்றான் ஜெயவேல். அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

"கதைக்கு ஒரு கெட்டவன் வேணும்பா."

"அதுக்கு உன் போட்டோவ ஒட்டிக்க."

நான் சிரித்தேன். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. "அவன் குடுத்தது அவங்கிட்ட கீறதுலயே பெரிய மீனு. எனக்குத் தெரியும், நான் பாத்துகினு இருந்தேன். சின்னத ஒண்ணு மாட்டிச்சு, அத்த திருப்பி வுட்டுட்டு வேற புடிச்சான். இத்த எழுது."

எழுதிவிட்டேன். இப்போது கதையில் கெட்டவன் யாரும் இல்லை. செத்த மீன் மட்டும் இருக்கிறது.

4

மாதவரத்திலிருந்து மீன் டாக்டர் வந்தாள். தஸ்னீம் என்று பெயர், ராயபுரத்துப் பெண். தோளில் ஐஸ் பெட்டி, கையில் நீளமான தெர்மாமீட்டர். செத்ததில் நாலைந்தை வெட்டிப் பார்த்து, துண்டுகளைக் குப்பியில் அடைத்தாள். ஜெயவேலிடம் விசாரித்துவிட்டுச் சொன்னாள்:

"பிழைச்ச மீனுக்கு சீக்கு வெளிய தெரியாது. ஆனா வைரஸ உள்ள வெச்சுகினே சுத்தும். அதோட உடம்பு அத்த அடக்கி வெச்சுக்கும். பழக்கமில்லாத மீனுக்கு அடக்கத் தெரியாது."

ஜெயவேல் துண்டை உதறித் தோளில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

"இது ஏன் ஒரே பக்கமா நிக்குது டாக்டரம்மா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

தஸ்னீம் தெற்கே பார்த்தாள். அங்கே, அரை மைல் தள்ளி, ஒரு மின்நிலையத்தின் வெந்நீர் வாய்க்கால் கழிமுகத்தில் வந்து விழுகிறது.

"நமக்கு உடம்புக்குள்ளயே அடுப்பு கீதுக்கா. சீக்கு வந்தா அதுவே மூட்டிக்கும், அதான் காய்ச்சல். மீனுக்கு அடுப்பு கிடையாது. தண்ணி இன்னா சூடோ அதான் அது சூடு. சீக்கு வந்தா வெதுவெதுப்பான தண்ணியத் தேடிப் போவும். அந்தச் சூட்டுலதான் அதோட எதிர்ப்பு சக்தி சுறுசுறுப்பா வேல செய்யும். ஆத்துல இருந்தா போயிருக்கும். இது கூண்டுல கீது."

"அப்ப காய்ச்சல் வோணும்னு நிக்குதா?"

"ஆமாக்கா."

"வாங்கிக் குடுத்தா?"

தஸ்னீம் தயங்கினாள். சில வைரஸ் சூட்டில் சுருண்டுவிடும், சிலது சூடு ஏறினால் இன்னும் ஆட்டம் போடும்; இது எந்த ரகம் என்று சோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றாள். புதன்கிழமை வரை சாவு நிற்காவிட்டால், பிளீச்சிங் பவுடரோடு மீன்வளத் துறை ஆட்கள் வந்து கூண்டு மொத்தத்தையும் கொன்று புதைத்துவிடுவார்கள். அன்றைக்கு ஞாயிறு. தவிரவும், நோய் கண்ட கூண்டை இடம் மாற்றக்கூடாது என்பது விதி.

(விதியை அவள் இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும்போது கூண்டை இழுக்கப் போகிற கயிற்றின் ஒரு நுனி அவள் கையில் இருந்தது.)

5

நான் துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன். ஒரு முறை மாலுமிகள் எல்லாரும் தூங்கிப்போன ஒரு கிரேக்கக் கப்பலை, எழுப்பாமலே… [அது வேறு கதை. அதுவும் உண்மை.]

திங்கள் விடிந்ததும் இரண்டு ஃபைபர் படகு கட்டிக் கூண்டை வெந்நீர் வாய்க்காலை நோக்கி இழுத்தோம். ஒன்றில் ஜெயவேல், இன்னொன்றில் தங்கபுஷ்பம். நான் கூண்டின் நடைபலகைமேல் நின்று உத்தரவு போட்டேன். வேகமாக இழுத்தால் மீன் வலையில் நசுங்கும். அதனால் மாடு மேய்கிற வேகம். தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. துறைமுகத்து கிரேன்கள் கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தன. கரையோரச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. வழக்கமாக நிற்பவைதான், எங்களுக்காக நின்றதாக எழுதிக்கொள்கிறேன்.

பாதி தூரத்தில் கயிறு தொய்ந்தது.

"எவன்டா கயித்த வுட்டது?" என்று கத்தினேன்.

"யாரும் வுடல நைனா. பின்னாடி பாரு!"

கூண்டு தானாகப் போய்க்கொண்டிருந்தது. எழுநூறு சொச்சம் மீன் தெற்கு வலையில் மூக்கை முட்டிக்கொண்டு தள்ள, கூண்டு படகுகளைத் தாண்டிப் போயிற்று. கயிறு மறுபக்கம் விறைத்தது. எஞ்சினை அணைத்தோம். நோயாளிகள் எங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். தங்கபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெயவேல் "மெதுவா, மெதுவா" என்று மீன்களிடம் சொல்லிக்கொண்டே வந்தான்.

வாய்க்கால் வாயில் ஆவி எழும்பி எல்லாவற்றையும் மூடியது. நடைபலகையில் என்னோடு நின்ற தஸ்னீம் தெர்மாமீட்டரை விட்டு, "முப்பத்தி நாலு டிகிரி," என்றாள். அந்த வெதுவெதுப்பில் எங்களுக்கெல்லாம் கண் சொக்கியது. நான் கூண்டின் விளிம்பில் தலை வைத்தேன். தண்ணீருக்கு அடியில் சத்தம் கேட்டது. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேகன் வேகனாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போவார்களே, அந்தச் சத்தம். ஒவ்வொரு மீனுக்குள்ளும் ஆட்கள் இறங்கி, பெட்டி பெட்டியாகத் திறந்து, "இது நம்மளுது, இது நம்மளுது, இது யாருது?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.*

* எதிர்ப்பு சக்தி இதைச் சத்தம் போடாமல்தான் செய்யும் என்று தஸ்னீம் பிறகு திருத்தினாள். அவள் காது வேறு, என் காது வேறு.

தங்கபுஷ்பம் மட்டும் தூங்கவில்லை. காய்ச்சல்காரன் தலைமாட்டில் உட்காருகிற மாதிரி, தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

6

முடிவுகள்.

ஒன்று: செவ்வாய்க்கிழமை செத்தது ஒன்பது, புதன் விடியலில் இரண்டு. மீன்கள் கறுப்பு நீங்கி வெளுத்து, கூண்டெங்கும் பரவி, தீனிக்குத் துள்ளின. தங்கபுஷ்பம் கொடுங்கையூர் போகாமல் தண்ணீரோடே இருந்துவிட்டாள்.

இரண்டு: வைரஸ் சூட்டில் ஆட்டம் போடுகிற ரகம். புதன் விடியலில் கூண்டு முழுக்க வெள்ளை வயிறு. அவள் யாரிடமும் பேசாமல் கொடுங்கையூர் பஸ் ஏறினாள்.

இரண்டையும் அவளுக்கு வாசித்தேன். முதலாவதுக்கு, "ரொம்ப இனிக்குது," என்றாள். இரண்டாவதுக்கு என் கையிலிருந்த தாளை வாங்கி, மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை. அதனால் அது என்னிடம் இல்லை. நினைவிலிருந்துதான் மேலே எழுதினேன்.

ஆகவே புதன்கிழமை காலை இப்படி நிற்கிறது: பிளீச்சிங் மூட்டையோடு படகு வந்துவிட்டது. வந்தவர், "வலையத் தூக்குங்க, பாத்துடலாம்," என்கிறார். ஜெயவேல் ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்திருக்கிறான். தங்கபுஷ்பம் இன்னொரு பக்கம் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். ஆவியில் தண்ணீர் தெரியவில்லை. அடியில் ஏதோ அசைகிறது. மீனா, வலையா, சொல்ல முடியவில்லை. நான் கிழவன், என்னால் வலை தூக்க முடியாது. நீங்கள் ஒரு கை கொடுங்கள். தூக்கும்போது எது வருகிறதோ அதுதான் முடிவு. அவள் முகத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு தூக்குங்கள்.

சத்தியம் செய்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: பராமரிப்பு வேலைக்காக அந்த மின்நிலையத்தை நிறுத்தி அப்போது நாற்பது நாள் ஆகியிருந்தது, வாய்க்காலில் ஓடியது சூடேறாத வெறும் பச்சைத் தண்ணீர்.